ஆபீஸ் கம்ப்யூட்டர் திணறுகிறதா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

மாதக் கடைசி. மாலைக்குள் சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போயாக வேண்டும். காலை ஒன்பதரைக்கு கம்ப்யூட்டரை ஆன் செய்த கணக்குப் பிரிவுப் பெண், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரையில் இன்னும் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, மறுபடியும் ஹேங் ஆயிடுச்சு!"

"பழைய சிஸ்டம்மா... மாத்திடச் சொல்லுங்க" என்கிறார் சர்வீஸ்காரர். முதலாளியோ செலவுக்கு யோசிக்கிறார்.

பல சிறு அலுவலகங்களில் நடக்கும் கதைதான் இது. ஆனால், கம்ப்யூட்டர் மெதுவாவதற்கு வயது மட்டுமே காரணமில்லை. உண்மையான காரணம் என்ன என்று ஐந்தே நிமிடத்தில் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ரீஸ்டார்ட்!

'தினமும் ஷட் டவுன் செய்துவிட்டுத்தானே போகிறோம்' என்று நினைக்கலாம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் மையப் பகுதி புதிதாகத் தொடங்குவதில்லை. டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வரும். நேற்றைய கோளாறும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

எது இழுக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்றில் எதன் சதவிகிதம் உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

மெமரி நிரம்பியிருந்தால், பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை மூடுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் எக்செலும் இருபது டேப்களும் ஒன்றாக ஓடினால் திணறத்தான் செய்யும்.

சிபியு உச்சத்தில் இருந்தால், அந்தத் தலைப்பை க்ளிக் செய்யுங்கள். அதிகம் இழுக்கும் புரோகிராம் மேலே வரும். பெயர் தெரியாத எதையும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஆன் செய்ததும் தானாக ஓடுபவற்றை அங்கேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியில் பார்க்கலாம். தேவையில்லாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். ஆன்டிவைரஸைத் தொட வேண்டாம்.

டிஸ்க் 100 சதவிகிதமா? கவனம்!

ஆன் செய்து வெகுநேரமாகியும் டிஸ்க் 100-லேயே நின்றால், அலட்சியம் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க்கில் தகடு சுழன்றுதான் தகவலைப் படிக்கும். அதில் பழுதான இடங்களை மீண்டும் மீண்டும் படிக்க முயலும்போதும் வேகம் குறையும். கூடவே 'டிக் டிக்' சத்தமோ, சில ஃபைல்கள் திறக்காத சிக்கலோ இருந்தால், டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம்.

அப்போது செய்யவேண்டிய முதல் வேலை ரிப்பேர் அல்ல, காப்பி. சம்பளப் பட்டியல், கணக்கு ஃபைல்களை அலுவலகம் அனுமதிக்கும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். 'கிளீனர்' மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது, தள்ளாடும் டிஸ்க்குக்கு இன்னும் வேலை கொடுப்பதுதான்.

காப்பி எடுத்த பிறகு, எஸ்.எஸ்.டி மாற்றுவது பற்றிக் கேளுங்கள். சுழலும் தகடு இல்லாததால், பழைய கம்ப்யூட்டரும் சட்டென்று சுறுசுறுப்பாகிவிடும். ஒரே ஒரு விஷயம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அலுவலகத்தில் ஐ.டி பிரிவு இருந்தால், எதையும் மாற்றும் முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். 'ஸ்லோவா இருக்கு' என்பதைவிட, 'டிஸ்க் 100-ல நிக்குது' என்றால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கணக்குப் பிரிவிலிருந்து அடுத்த போன் இப்படிப் போகட்டும்: "அண்ணா, டிஸ்க் நூறுலயே நிக்குது. காப்பி எடுத்துட்டேன். எஸ்.எஸ்.டி போட்டுப் பார்க்கலாமா?"