புகை எந்த உயரத்தில்?

கானடா தேசத்தின் க்யூபெக் மாகாணத்தில் காடு பற்றி எரிந்தால், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் நியூயார்க் நகரத்துக் குழந்தைகள் இருமுவார்கள் என்று யாராவது சொன்னால் நேயர்கள் சிரிக்கக் கூடும். ஆனால் 2023-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி அதுதான் நடந்தது. பட்டப் பகலில் ஆகாயம் ஆரஞ்சு வர்ணமாயிற்று. விமானங்கள் தாமதப்பட்டன. காற்றின் மாசைக் குறிக்கும் எண் 300-ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அந்நாட்டுக் கணக்கு; அன்று அது 400-ஐயும் கடந்துவிட்டது.

இந்தப் புகை சொல்லாமல் வந்த விருந்தாளி அல்ல. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று கொண்டிருந்த 'கோஸ்-16' என்னும் செயற்கைக் கோள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அமெரிக்காவைப் படம் பிடித்துக் கொண்டிருந்தது. தீ இருக்கும் இடத்தை அது வெப்பக் கிரணங்களால் கண்டுபிடித்தது. புகையையோ சூரிய வெளிச்சத்தில்தான் நன்றாகக் காணலாம். இராத்திரியில் மெல்லிய புகை பெரும்பாலும் அகப்படாது. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது அது மிகத் தெளிவாய்த் தெரியும். ஜன்னல் வழியே சாய்வாக விழும் வெயிலில் சாக்குக்கட்டித் தூள் மினுங்குவதைப் பார்த்திருக்கும் மாணவனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அமெரிக்காவின் கடல், வானிலை இலாகாவில் இன்றும் மனிதர்கள் உட்கார்ந்து, இப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்து, எது மேகம், எது புகை என்று தீர்மானித்து எல்லைக் கோடு வரைகிறார்கள். இத்தனை யந்திரங்களுக்கு நடுவே மனிதக் கண்ணுக்கு மதிப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

பாலைவனப் புழுதியின் குணம் வேறு. கடலுக்கு மேல் அது பழுப்பாய்த் தெரியும். மணலுக்கு மேல் வந்தாலோ, தரையும் புழுதியும் ஒரே நிறம், ஒளிந்து கொள்கிறது. அதற்கும் வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு அலைநீளங்களில் வெப்பக் கிரணங்களை அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் புழுதி பிடிபட்டு விடும். ஐரோப்பியச் செயற்கைக் கோள்களின் அளவுகளைக் கொண்டு இவ்விதம் வர்ணம் தீட்டிய படங்களில், சஹாராப் புழுதி நடு இராத்திரியிலும் ரோஜா நிறமாய் நகர்வதைக் காணலாம்.

இவ்வளவும் இருந்தும் ஒரு பெருங் குறை. புகை எந்த ஊருக்கு மேல் நிற்கிறது என்பதை இப்படங்கள் சொல்லும். எந்த உயரத்தில் என்று எளிதில் சொல்லமாட்டா. குழந்தையை வெளியே அனுப்பலாமா என்று கேட்கும் தாய்க்கு வேண்டியதோ அந்த உயரம்தான். அதே வருஷம் ஜூன் கடைசியில் கானடாப் புகை அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டிப் போர்ச்சுக்கல், ஸ்பெயின் தேசங்களுக்கு மேல் வந்து நின்றது. படத்தில் பார்த்தால் கலங்கத்தான் தோன்றும். ஆனால் அது மிக உயரத்தில் இருந்தபடியால், தரையில் மூச்சுக் காற்று அதிகம் கெடவில்லை.

உயரத்தை அளப்பதற்கு அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து 2006-ல் 'காலிப்ஸோ' என்ற கோளை அனுப்பின. லேஸர் ஒளியைக் கீழே பாய்ச்சி, அது திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் வித்தை அது. கோணல் மாணலான புழுதி மணியையும் உருண்டையான புகைத் துகளையும் திரும்பி வரும் ஒளியே வேறு பிரித்துக் காட்டியது. 2007 முதல் 2013 வரை அது எடுத்த அளவுகளிலிருந்து ஓர் ஆச்சரியமும் வெளிப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வருஷந்தோறும் சராசரி 18 கோடி டன்னுக்கு மேல் புழுதி கடலைத் தாண்டப் புறப்படுகிறது; அதில் சுமார் 2 கோடியே 77 லட்சம் டன் தென்னமெரிக்காவின் அமேஸான் பிரதேசத்தில் விழுகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ் சத்து மட்டும் 22,000 டன். மழையும் வெள்ளமும் அக்காட்டிலிருந்து அடித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அவ்வளவே! வறண்ட பாலைவனம் ஈரக் காட்டுக்கு எரு போடுகிறது.

2023 ஆகஸ்டில் காலிப்ஸோவின் பணி முடிந்தது. 2024 மே மாதத்தில் ஐரோப்பாவும் ஜப்பானும் 'எர்த்கேர்' என்னும் கோளை ஏவின. அதிலும் லேஸர் உண்டு. ஆனால் லேஸர் பார்ப்பது தான் போகும் பாதையின் ஒரு மெல்லிய கோட்டைத்தான். காலிப்ஸோ அதே பாதைக்குத் திரும்ப 16 நாள் ஆயிற்று. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கலாமா என்ற கேள்வி அதுவரை காத்திராது. ஆகவே 2020 முதல் அமெரிக்க அரசாங்கம் வெளியிடும் புகைத் தேசப்படத்தில், வானத்திலிருந்து கண்ட புகையோடு, பொது ஜனங்கள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் சிறு கருவிகளின் அளவையும் சேர்த்துக் காட்டுகிறார்கள்.