கொல்லைக்குச் சிமென்ட் வேண்டாம்!



"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை நாம் எல்லோரும் சின்ன கிளாஸிலேயே எழுதியிருக்கிறோம். எழுதினோமே தவிர, என்றைக்காவது தேடினோமா?

இளவேனில் என்றால் பூ, குயில், தென்றல் என்று தமிழய்யா நடத்தினார். நம்ம விருத்தாசலத்துச் சித்திரை எப்படி? மணிமுத்தாற்று மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது! இங்கே வீட்டுத் தோட்டத்துக்கு வசந்தம் ஆடியில்தான். ஆனால் அதற்கான வேலையைச் சித்திரையிலேயே தொடங்கணும்.

இப்போ எதற்கு இந்தப் பேச்சு என்கிறீர்களா? போன மாதம் எங்கள் வீட்டில் அப்பா சொன்னார்: "பையன் டிப்ளமா படிக்கிறான். நாளைக்கு அவன் சிநேகிதப் பசங்க நாலு பேர் வருவாங்க. கொல்லை சேறும் மண்ணுமா இருந்தா நல்லாவா இருக்கும்? சீட்டுப் பணம் வந்ததும் சிமென்ட் போட்டுடலாம்." எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். சூளையில் வேலை செய்யும் அப்பா, என் மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பந்தலைப் பார்த்தபடி நின்றார்.

அந்தப் பந்தல்தான் கார்த்திகையிலிருந்து எங்கள் வீட்டுப் பொரியல், கூட்டு, குழம்பு எல்லாம். காய் வாங்காமல் அம்மா மிச்சம் பிடித்த காசுதான் எனக்குப் பஸ் சில்லறை. அந்த இடத்தை என் படிப்பின் பேரால் மூடுவது நியாயமா?

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் சாணிக் கூடையோடு வந்த நான், எதிரே வகுப்பு நண்பர்களைப் பார்த்ததும் சந்துக்குள் ஒதுங்கினேன். அந்த வெட்கம்தான் இன்றைக்குச் சிமென்டாக வந்து நிற்கிறது.

நண்பர்களே, நாம் படிப்பதே மண்ணைத்தானே! களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதனால்தான் அது நீரையும் சத்தையும் பிடித்து வைக்கிறது. களி மிஞ்சினால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மணல் மிஞ்சினால் ஊற்றியதெல்லாம் ஓடிப்போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மக்கிய எரு. சூளையில் 600 டிகிரி தாண்டி வெந்த களிமண் மறுபடி குழையாது என்று நமக்குத் தெரியும். சிமென்டுக்கு அடியில் போன கொல்லையும் கிட்டத்தட்ட அப்படித்தான். மழைத் தண்ணீர்கூட உள்ளே இறங்காது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சித்திரையில் கோடை மழை பெய்த ஈரத்தில் ஒரு அடி ஆழம் கொத்திப் போடுங்கள். வெயிலில் காய்ந்து களை வேரும் கூட்டுப்புழுவும் சாகும். ஆனியில் ஒரு அடிக் குழி எடுத்து, மேல்மண்ணோடு எருவும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடி, பத்து நாள் ஆறவிடுங்கள். ஆடி பிறந்ததும் குழிக்கு நாலைந்து விதை. பாகல், புடலை விதையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடணும். ஆடி, ஆவணிச் சாயங்கால மழையில் வேர் பிடித்த செடி ஐப்பசி அடைமழையைத் தாங்கும். பந்தல் அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும். அதனால்தான் பொங்கலுக்கு அவரைக்காய்! பெரியவர்கள் கணக்குத் தெரியாமல் பழமொழி சொல்லவில்லை.

தண்ணீர் இல்லையா? மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் ஊற்றி மூடி வையுங்கள். நுண்துளை வழியே கசிந்து வேருக்குப் போகும். சீனாவில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்யும் போராசிட்டி இதுதான்! கொல்லையே இல்லாதவர்களுக்கு எண்ணெய் டின்னும் சிமென்ட் சாக்கும் போதும். அடியில் துளை போட்டு, மண் போகாமல் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றை வையுங்கள். நம்ம ஊரில் சில்லுக்கா பஞ்சம்?

1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது குறைந்து உணவுப் பஞ்சம் வந்தது. ஹவானா நகரத்து மக்கள் காலி மனைகளில் காய்கறி போட்டுச் சமாளித்தார்கள். அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். யாரும் கௌரவம் பார்க்கவில்லை.

"பாம்பு வரும், சேறாகும்" என்று அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துணி துவைக்கிற இடத்துக்கும் நடைபாதைக்கும் சிமென்ட் போடட்டும். புதர் மண்டாமல் சுத்தமாக வைத்துக்கொள்வது என் பொறுப்பு. மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் மெஸ்ஸில் கொட்டும் காய்த் தோலை ஒரு குழியில் மக்க வைத்தால் ஆடிக்குள் எரு ரெடி. நம் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஒருநாள் எல்லோரும் சேர்ந்து போய் யோசனை கேட்டு வரலாமே!

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, இந்த ஆடி பார்ப்போம்" என்றார். ஒரே ஒரு ஆடிதான் எனக்குத் தவணை. அதற்குள் அந்தக் கொல்லை தன் மதிப்பைக் காட்டணும். இந்தத் தடவை சாணிக் கூடையோடு தெருவில் என்னைப் பார்த்தால் கூப்பிடுங்கள், நண்பர்களே! சந்துக்குள் ஒதுங்க மாட்டேன்.

 

— இரண்டாம் ஆண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பம்