விழுந்த கை

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கைகளைச் சற்று நின்று கவனியுங்கள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை நசுங்காமல் பிடிப்பதற்கே பல நாட் பழக்கம் வேண்டும். அத்தகைய கை பாரிசவாயுவினால் விழுந்துவிட்டால்?

வீட்டார் அன்பினால் சோறு ஊட்டுகின்றனர். மற்றக் கை எல்லா வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. விழுந்த கையோ இருந்த பழக்கத்தையும் மறக்கிறது. கெட்டது கையன்று, அதை ஏவும் மூளையின் ஒரு பகுதியே. எஞ்சிய பகுதி அவ்வேலையைக் கற்க வேண்டுமானால், ஓர் அசைவை நூற்றுக்கணக்கான தடவை முயல வேண்டும்.

இதற்கென்றே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்னும் சுதேசி யந்திரத்தை அமைத்து, 2021-இல் அதன் விவரங்களை வெளியிட்டன. மேஜைமேல் அடங்கும் கருவி, ஒரே மோட்டார். பிடிகளை மாற்றி மாட்டினால் மணிக்கட்டு, முன்கை, விரல்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பயிற்றலாம். நோயாளி கணிப்பொறியில் விளையாடிக்கொண்டே கையை அசைக்க, முடியாத இடத்தில் யந்திரம் கைகொடுக்கிறது.

யந்திரத்துக்குச் சலிப்பில்லை, முயற்சி மட்டும் நோயாளியுடையதாக இருக்க வேண்டும். நடைவண்டி குழந்தைக்காக நடப்பதில்லையன்றோ?

இக்கருவி பெரிய ஆஸ்பத்திரிகளோடு நில்லாமல் விருத்தாசலம் போன்ற ஊர்களையும் எட்ட வேண்டும். அதுவரையில், வைத்தியர் அனுமதித்ததும், ஊட்டும் கரண்டியை அந்தக் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். சிந்தினால் சிந்தட்டும்.