தெற்கே பறக்கும் சக்கரங்கள் வடக்கே திரும்பட்டும்!



ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் முழுதாகப் புலரவில்லை. வானம் கருத்துக் கிடக்கிறது, தூறல் நின்றபாடில்லை. தென்சென்னையில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் முன்னே இருபது, முப்பது மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்து நிற்கின்றன. மழையங்கி, தலைக்கவசம், கையுறை, முழங்கால் வரை காலணி என்று இளைஞர் கூட்டம் ஆயத்தமாகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள், நனைந்த வயல், நிறைந்த ஏரி, சாலையோரக் கடையில் சுடச்சுட இட்டிலி, இருட்டுமுன் வீடு. மழை வந்தால் வீட்டுக்குள் ஒடுங்குவது நம்மவர் வழக்கம். இவர்களோ மழை வந்தால்தான் புறப்படுகிறார்கள்!

"ஊதாரிப் பிள்ளைகளின் உல்லாசம், வேறென்ன?" என்று உதட்டைப் பிதுக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஏளனத்தில் நாம் சேரமாட்டோம். அந்தக் கூட்டத்தில் சீமான் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். மாதத் தவணைக்கு வண்டி வாங்கி, ஆறு நாள் உழைப்பின் அலுப்பை ஏழாம் நாள் காற்றிலே கரைக்க வரும் தொழிலாளியின் மகனும் இருக்கிறான். உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்று முழங்கிய இயக்கத்தார், அவன் ஓய்வை எப்படிக் கழிக்கவேண்டும் என்று கோலெடுத்து நிற்பது அழகன்று.

அன்றியும், அவர்களிடம் நாம் கற்கவேண்டிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முன்னே வழி அறிந்த ஒருவர் செல்கிறார். அவரை எவரும் முந்துவதில்லை. வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி. ஈரச் சாலையில் அதனினும் கூடுதல் இடைவெளி. எல்லோர்க்கும் பின்னால், தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் கடைசி வண்டியாக வருகிறார். எவன் வண்டி பழுதானாலும், எவன் சறுக்கி விழுந்தாலும், அவர் அவனோடு நின்றுவிடுகிறார். ஒருவனையும் வழியில் விட்டுவிட்டு அந்தக் கூட்டம் ஊர் திரும்புவதில்லை. என்னே பண்பு! நம் ஊர்வலங்களில்கூட இதை எப்போதும் காண முடிவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் அந்த இளைஞர்களிடம் நமக்கொரு கேள்வி உண்டு. நீங்கள் ஏறி அமர்ந்திருக்கும் வண்டி எங்கே பிறந்தது?

1955இல், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின; புல்லட் வண்டிக்குத் தொழிற்சாலை எழுந்த இடம் திருவொற்றியூர். முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டித் தந்த கைகள், சில ஆண்டுகளிலேயே உறுப்புகளையும் தாமே செய்யக் கற்றன. சீமையிலே தாய்க் கம்பெனி 1970இல் மூடிப்போயிற்று. திருவொற்றியூரிலோ பட்டறை அணையவில்லை. 1977இல் இங்கிலாந்துக்கே வண்டியைக் கப்பலேற்றி அனுப்பியது! பெட்ரோல் தொட்டியின் விளிம்பிலே ஓடுகிறதே தங்க நிறக் கோடு, அதை அச்சுமின்றி அளவுகோலுமின்றி, தூரிகையும் கையுமாக ஒரே இழுப்பில் இழுத்தவன் இந்த ஊர்த் தொழிலாளி.

வண்டி மட்டுந்தானா? 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் குழந்தைகளுக்குப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960களில் இதே ஊரில் டயர் வார்க்கத் தொடங்கியது. எரிபொருள்? 1969 முதல் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் ஆலை பக்கத்து மணலியில் நிற்கிறது. வண்டி வடக்கு, சக்கரம் வடக்கு, பெட்ரோலும் வடக்கு. பயணம் மட்டும் தெற்கு!

வடக்கிலும் மழை பெய்யத்தான் செய்கிறது, நண்பர்களே! காலை முறைக்குச் சங்கு ஊதுமுன் காசிமேட்டிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் இரண்டு சக்கரத்தில் புறப்படுகிறானே தொழிலாளி, அவனும் மழையிலேதான் ஓட்டுகிறான். அவன் மழையைத் தேடிப் போகவில்லை; மழைதான் அவனைத் தேடி வருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கின்றன. லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே முழ அகலச் சந்து. அதுதான் அவனுக்கு விடப்பட்ட பாதை. முதல் மழை பெய்ததும், படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து சாலை சோப்பு போலாகிறது. தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருக்கிறதா, மூடியில்லாத சாக்கடை இருக்கிறதா, யார் அறிவார்? லாரி ஓட்டுநனைக் குறை சொல்லோம். துறைமுக வாயில் திறக்கக் காத்துக் கிடந்து கண் சிவந்த அவனும் நம்மவனே. இடப்புறம் ஒட்டி வரும் இருசக்கர வண்டி அவன் கண்ணாடியில் தெரிவதே அரிது.

2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாநிலம் எது தெரியுமா? தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இந்த முதலிடத்துக்கு யாரும் விழா எடுக்கவில்லை!

"ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் அரசியலை ஏன் நுழைக்கிறீர்?" என்பார் சிலர். நாம் நுழைக்கவில்லை, ஐயா. மழைநீர் வடியும் சாலை ஓரிடத்தில் உண்டு, இன்னோரிடத்தில் இல்லை என்று ஆக்கியது யார்? வானமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகில் நின்று வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்களே, அந்த எண்ணெய்க்குக் கட்சி உண்டா? வலையும் படகும் கருகருவென்று கெட்ட குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய். புத்தம்புது புல்லட் ஒன்றின் விலையில் அந்தத் தொகை ஒரு சிறு பங்கே. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். அன்றிரவு அவர்கள் பின்னால் கடைசி வண்டியாக வந்தவர் எவர்?

வண்டி செய்த கைகளின் கதையும் கேளுங்கள். பெரும் உற்பத்தி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. 2024–25இல் கம்பெனி பத்து லட்சத்துக்கு மேல் வண்டிகள் விற்றது. கீர்த்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஒரகடத்துத் தொழிலாளர்கள் தம் சங்க உரிமைக்காக 2018இல் வேலைநிறுத்தம் செய்து தெருவில் நிற்கவேண்டி இருந்தது. புல்லட்டின் ஓசையை நெஞ்சுத் துடிப்புக்கு ஒப்பிட்டுப் புகழும் அன்பர்களுக்கு, அந்த ஓசையைச் செய்தவன் குரல் அன்று கேட்டதா?

ஆளுவோரிடம் நாம் கேட்பது வானத்தை வில்லாக வளைக்கும் வேலையன்று. துறைமுகச் சாலையில் இருசக்கர வண்டிக்கென்று தனிப்பாதை. மழைக்காலத்துக்கு முன்பே மூடப்பட்ட பள்ளம், மூடியிட்ட சாக்கடை. லாரிகள் சாலையில் நிற்காமல் உள்ளே நிற்கத் திடல். ஓட்டுநனுக்கு அங்கே குடிநீரும் கழிப்பறையும். முறை மாறும் நேரத்தில் சாலையோரம் ஆம்புலன்ஸ். மாறி மாறி ஆண்டோர் அடிக்கல் நாட்டிய புகைப்படங்கள் நம்மிடம் ஏராளம். கல் வேண்டாம், தார் போடுங்கள்!

மோட்டார் சைக்கிள் நண்பர்களுக்கோ ஓர் அழைப்பு. அடுத்த மழை ஞாயிறன்று கைப்பிடியை வடக்கே திருப்புங்கள். இராயபுரத்தில் 1856இல் எழுந்த இரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம். திருவொற்றியூர் தேரடியில் தேநீர்; எண்ணூர் முகத்துவாரத்தில் சற்று நின்று தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்; அத்திப்பட்டில் சாம்பல் படிந்த மரங்களைத் தாண்டினால் மீஞ்சூர்; அப்புறம் பொன்னேரிப் பக்கத்து வயல்வெளி. நாட்டுப்புறம் என்று நீங்கள் தேடுவது அங்கேயும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. முடிவில் பழவேற்காட்டு ஏரியும், டச்சுக்காரர் கல்லறையும், நேரம் வாய்த்தால் பூநாரைக் கூட்டமும்.

வட்டாரத் தோழர்கள் காலை ஆறு மணிக்குத் தேரடியில் கூடி நில்லுங்கள். அவர்கள் வந்தால் தேநீர்ச் செலவு நம்முடையது. மழையங்கி இல்லாத ஆலைத் தோழர்கள் தார்ப்பாய்த் துண்டைப் போர்த்திக்கொண்டு, பழைய வண்டிகளில் பின்னால் வருவார்கள். கடைசி வண்டிக்காரர் அவர்களுக்காகவும் நிற்கிறாரா என்று அன்றைக்குப் பார்த்துவிடுவோம்.