இன்று வராதவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் முதல் மணி அடித்ததும் நம் சிற்றூர்ப் பங்குகள் விழித்துக்கொள்கின்றன. பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு, பெரியவர்களுக்கு வெந்நீர் வைத்துக்கொடுத்து, இரண்டாம் மணிக்குள் குடும்பங்கள் கோவிலை நோக்கிப் புறப்படுகின்றன. மூன்றாம் மணி ஓயும்பொழுது பெண்கள் முக்காடிட்டு ஒருபுறமும் ஆண்கள் மறுபுறமுமாக அமர்ந்திருக்கிறார்கள். பீடச்சிறுவர் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்; பாடற்குழுவினர் வருகைப் பாடலைத் தொடங்குகிறார்கள். கோவில் நிறைந்திருக்கிறது. பங்குத்தந்தைக்கு மகிழ்ச்சி, பங்குப் பேரவையினருக்கும் மகிழ்ச்சி. நம் ஊரில் பக்தி குறையவில்லை என்று நாமும் மனநிறைவு கொள்கிறோம்.

இம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், நிறைந்த கோவிலைக் கண்டு மகிழும் கண்கள் ஒன்றைக் காணத் தவறிவிடுகின்றன. வந்திருப்பவர்களை நாம் எண்ணுகிறோம்; வராதவர்களை எண்ணுவதில்லை. இரவு உணவுக்குக் குடும்பத்தார் அமரும் வேளையில் ஒரு பிள்ளை இல்லையென்றால், தாய் அதனை உடனே அறிவாள். அவன் எங்கே என்று கேட்காமல் அவள் பரிமாறத் தொடங்கமாட்டாள். அவனுக்குரிய பங்கை எடுத்து மூடிவைக்க மறக்கவும் மாட்டாள். பங்கு என்பது ஒரு குடும்பம் என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அப்படியானால், ஞாயிறு திருவிருந்தில் ஓர் இடம் காலியாக இருப்பதை நம்மில் எத்தனை பேர் உணர்கிறோம்? இம்மாதம் இக்கேள்வியை வாசகக் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றோம்.

திருச்சபையின் தொடக்க நாட்களை நோக்குவோம். கி.பி. 155-ஆம் ஆண்டையொட்டி, உரோமை நகரில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் குற்றமற்றவர்கள் என எடுத்துரைத்துப் பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். ஞாயிறன்று கிறிஸ்தவர்கள் கூடிச் செய்வது என்ன என்பதை அதில் அவர் வரிசையாக விவரிக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் நூல்களோ வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகிறார். அனைவரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் நீரும் கொண்டுவரப்படுகின்றன. நன்றி மன்றாட்டின் முடிவில் மக்கள் 'ஆமென்' என்கிறார்கள். ஏறத்தாழ 1,870 ஆண்டுகள் உருண்டோடிய பின்னும், நம் ஊர்க் கோவிலில் நாம் காண்பதும் இதே திருப்பலிதான் அன்றோ?

ஆனால் ஜஸ்டின் அத்தோடு நிறுத்தவில்லை. மேலும் இரண்டு செய்திகளை அவர் சேர்க்கிறார். முதலாவது, அங்கே வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் சென்று கொடுக்கிறார்கள். இரண்டாவது, வசதியுள்ளவர்கள் தாங்கள் விரும்பியதைக் காணிக்கையாகத் தருகிறார்கள். தலைமை தாங்குபவர் அதைக்கொண்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், ஊருக்குப் புதிதாய் வந்த அந்நியர் ஆகியோரைப் பராமரிக்கிறார். ஆகவே, ஞாயிறு திருப்பலியைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விவரிப்புகளுள் ஒன்றிலேயே, வராதவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உரிய இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களை மறந்துவிட்டால் நம் வழிபாட்டில் ஒரு பகுதி குறைந்துபோகிறது.

அப்படியானால், நம் சிற்றூர்ப் பங்குகளில் வராதவர்கள் யார், யார்?

முதலில் நினைவுக்கு வருபவர்கள் முதியவர்களும் நோயாளிகளுமே. ஐம்பது ஆண்டுகள் தவறாமல் பூசை கண்ட மூதாட்டி ஒருவர், முழங்கால் வலியால் படியேற இயலாமல் வீட்டோடு முடங்கிவிடுகிறார். முதல் இரண்டு வாரங்கள் யாரேனும் விசாரிப்பார்கள்; பிறகு அவரை ஊர் மறந்துவிடும். மீண்டும் அவரைக் கோவிலுக்குக் கொண்டுவருவது அடக்கச் சடங்கின் நாளிலேதான் என்றால், அஃது எத்துணை வேதனை! இந்நிலைக்கு மாற்று நம் கையிலேயே இருக்கிறது. தகுந்த பயிற்சி பெற்ற துறவறத்தாரும் பொதுநிலையினரும் நற்கருணைப் பணியாளராக இருக்கத் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1973-ஆம் ஆண்டு சனவரியில், திருச்சபை வழிவகுத்தது. திருப்பலியின்போது பணியாளர்கள் நற்கருணைப் பேழையைப் பெற்று, மக்கள் பார்க்க, பீடத்திலிருந்தே நோயாளிகளின் வீடுகளுக்குப் புறப்படுவார்களானால், ஜஸ்டின் கண்ட காட்சியை நம் பிள்ளைகளும் காண்பார்கள் அல்லவா?

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமையிலும் உழைத்தே தீரவேண்டியவர்கள். துணிக்கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பணிபுரிவோர், மருத்துவமனைச் செவிலியர், பேருந்து ஓட்டுநர், காவலர் முதலானோருக்கு அந்நாளே வேலை மிகுந்த நாள். இவர்களுள் பலர் பக்தியில்லாதவர்கள் அல்லர், நேரமில்லாதவர்கள். திருச்சபை இத்தகையோரை மறக்கவில்லை. 1953-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மாலைத் திருப்பலிக்கு இடமளித்து, நற்கருணை நோன்பின் கடுமையையும் தளர்த்தினார். முந்தின நாள் மாலையில் திருப்பலியில் பங்குகொள்வதும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. இச்செய்தியை அறியாமலே ஆண்டுக்கணக்கில் குற்றவுணர்வோடு ஒதுங்கி நிற்கும் தொழிலாளர்கள் உண்டு. அவர்களுக்கு அதை எடுத்துச்சொல்வதும், சனிக்கிழமை மாலை வழிபாடு தேவைப்பட்டால் பங்குத்தந்தையிடம் அவர்கள் சார்பாகக் கேட்பதும் நம் கடமையாகும்.

மூன்றாவது, மனத்தாங்கலால் விலகியவர்கள். பங்குப் பேரவைத் தேர்தலில் எழுந்த கசப்பு, திருவிழாக் கணக்கில் வந்த தகராறு, பாடற்குழுவில் யாரோ சொன்ன ஒரு சுடுசொல், உடன்பிறந்தாரிடையே உள்ள நிலத்தகராறு ஆகிய இவற்றால் கோவில் வாசலை மிதிக்காதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கோபம் தணிந்தால் தானே வருவார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிப்பதைக் கூர்ந்து நோக்குவோம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு நம்மீது மனக்குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, நாம்தாம் எழுந்து சென்று முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறார். நடக்க வேண்டியவன் கோவிலுக்கு வெளியே இருப்பவன் அல்லன், உள்ளே இருப்பவனே!

நான்காவது, தாழ்வு மனத்தால் ஒதுங்கியவர்கள். கோவில் வரி பல மாதம் பாக்கி நிற்பதால், பெயர் வாசிக்கப்படுமோ என்று அஞ்சி வராத ஏழைகள் உண்டு. பிள்ளைகளுக்கு நல்ல உடை இல்லையென்று வீட்டோடு நின்றுவிடும் தாய்மார் உண்டு. திருமண வாழ்வில் முறிவு ஏற்பட்டு, திருச்சபைச் சட்டத்துக்குப் புறம்பான நிலையில் வாழ்பவர்கள், கோவிலுக்குள் நுழையவே தமக்கு உரிமையில்லை என எண்ணிக்கொள்கிறார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டு குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், இத்தகையோர் திருச்சபையிலிருந்து தாங்கள் பிரிக்கப்பட்டவர்கள் என்று கருதாதபடி மேய்ப்பர்களும் நம்பிக்கையாளர் அனைவரும் அவர்களுக்கு உதவ வேண்டும் என்றும், இறைவார்த்தையைக் கேட்கவும் திருப்பலியில் கலந்துகொள்ளவும் அவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்றும் பணித்திருப்பதை எத்தனை பேர் அறிவோம்?

சாதியின் பெயரால் தள்ளி நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியும் இங்கே பேசாமல் இருக்க இயலாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில், சாதியால் மக்களைப் பிரித்து வைக்கச் சுவர் ஒன்று நின்றது. 1910-ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. பிரிவினையைக் காக்க விரும்பியோர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும், அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. செங்கற்சுவர் விழுந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. எனினும் தேர் செல்லும் தெருவிலும், கல்லறைத் தோட்டத்திலும், திருவிழாக் குழுவிலும் கண்ணுக்குப் புலப்படாத சுவர்கள் இன்னும் சில ஊர்களில் நிற்கின்றன என்பதை மறுப்பார் யார்? கொரிந்து நகரச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அத்தகைய கூட்டம் ஆண்டவரின் திருவிருந்தே ஆகாது என்று புனித பவுல் கடிந்துகொண்டார். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கும்படி பணித்தார். அந்தக் கண்டனம் கொரிந்தியருக்கு மட்டும் உரியதன்று.

இனி, வந்தும் வராதவர்களான நம் இளைஞர்களைப் பற்றி ஒரு சொல். கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், வண்டிகளின்மேல் சாய்ந்தவாறே பூசை காண்பவர்களைத்தான் குறிப்பிடுகிறோம். அவர்களைக் கண்டதும் நாம் முகம் சுளிக்கிறோம். திருத்தூதர் பணிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. துரோவா நகரில், வாரத்தின் முதல் நாளில், அப்பம் பிட்கக் கூடியிருந்தார்கள். பவுலின் பேச்சு நள்ளிரவு வரை நீண்டது. சன்னலோரத்தில் அமர்ந்திருந்த இளைஞன் தூக்கம் மேலிட்டு மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டான். பவுல் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிச் சென்றார். அவனைக் கட்டி அணைத்துக்கொண்டார். அவன் உயிரோடிருக்கிறான் என்று தேற்றிய பிறகே, மேலே ஏறிச் சென்று அப்பத்தைப் பிட்டார். ஓரத்தில் அமர்ந்தவன் ஏன் ஓரத்தில் அமர்ந்தான் என்று அங்கே யாரும் ஏசியதாக எழுதப்படவில்லை. நம் இளைஞருக்கும் ஏச்சைவிட ஒரு பொறுப்பே மருந்தாகும். வாசகம் படிக்கவோ, முதியவரைக் கைபிடித்து அழைத்துவரவோ, ஒலிபெருக்கியைக் கவனிக்கவோ ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்போமே!

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகக் கோவில் கதவுகள் அடைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவையும் நாம் வீட்டிலிருந்தே கொண்டாடினோம். தொலைக்காட்சியில் திருப்பலி கண்டு ஆறுதல் அடைந்தோம். ஆயினும் ஏதோ ஒன்று குறைவதை ஒவ்வொருவரும் உணர்ந்தோம். ஆசைநற்கருணை செபம் சொன்னோம். ஆனால் சமாதானம் கூறிக் கைகூப்ப அருகில் அயலார் இல்லை. வராதவராய் இருப்பது எத்தகையது என்று ஊர் முழுவதும் அனுபவித்து அறிந்த காலம் அது. நோயுற்ற மூதாட்டிக்கு அந்த நிலை இன்றும் தொடர்கிறது. நமக்குக் கதவு திறந்துவிட்டது என்பதற்காக, அடைபட்டிருப்பவரை மறக்கலாகுமா?

செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டங்கள் தேவையில்லை. 1833-ஆம் ஆண்டில் பாரிசு நகரில், இருபது வயதே நிரம்பிய பிரெடரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும், ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் செல்வது என்ற ஒரே தீர்மானத்தோடு தொடங்கிய சிறு குழுவே இன்று நம் பங்குகளிலும் பணிபுரியும் வின்சென்ட் தே பவுல் சபையாக வளர்ந்திருக்கிறது. வீடு தேடிச் செல்வது எவருக்கும் இயலும் காரியமே.

ஒவ்வொரு குடும்பமும் இவ்வாறு முயலலாம். திருப்பலி முடிந்து இறுதி ஆசீர் பெற்றபின், இறைச்சிக்கடையை நோக்கி விரைவதற்குமுன் ஐந்து நிமிடம் முற்றத்தில் நிற்போம். வழக்கமாக நம்முன்னும் பின்னும் அமர்பவர்களுள் இன்று வராதவர் யார் என்று பிள்ளைகளிடம் கேட்போம். பிள்ளைகளின் கண்களுக்குத் தப்புவது குறைவு. மாலையில் அந்த வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவோம். குறை கேட்கச் செல்லவேண்டாம், கண்டிக்கவும் செல்லவேண்டாம். உங்களைக் காணவில்லையே என்று தேடி வந்தோம் என்று சொன்னால் போதும். அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும் நம் தெருவில் உள்ள நோயாளிகள், தனித்து வாழும் முதியோர், புதிதாகக் குடிவந்தோர் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்துப் பங்குத்தந்தையிடம் கொடுப்போம். அடுத்த ஞாயிறு நம்பிக்கையாளர் மன்றாட்டில் அவர்களுக்காக வேண்டிக்கொள்வோம். வரி பாக்கியுள்ள ஓர் ஏழைக் குடும்பத்தின் சுமையை, யாருக்கும் தெரியாமல், வசதியுள்ள குடும்பம் ஒன்று ஏற்றுக்கொள்ளலாகாதா?

திருப்பலி முடிந்ததும் குருவானவர் நம்மை அனுப்பிவைக்கிறார். வீட்டுக்குப் போகச் சொல்வதோடு அச்சொல்லின் பொருள் முடிந்துவிடுவதில்லை. பிறருடைய வீடுகளுக்கும் அது நம்மை அனுப்புகிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகள் தம்மிடம் இருந்தும், ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரின் மந்தை நாம். வரும் ஞாயிறு மூன்றாம் மணி அடித்து நாம் முழந்தாளிடும்பொழுது, நம் பக்கத்திலுள்ள காலியிடத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்போமா? அது யாருடைய இடம் என்று அவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் வேண்டுவோமா? வேண்டியபின் அவர் வீட்டு வாசலுக்கும் செல்வோமா? சிந்திப்போம், செயல்படுவோம்!