செயலி விற்பவரும் வணிகரே!



கடை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கல்லாப் பெட்டி, தராசு, அடுக்கிய மூட்டைகள், வாசலில் ஒரு பெயர்ப் பலகை. இவற்றில் ஒன்றும் இல்லாமல், வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசையும் கணினியும் வைத்துக்கொண்டு, கடல் கடந்தும் வியாபாரம் செய்கிற பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். செல்பேசிச் செயலி எழுதித் தனியாக விற்கிறவர்களைத்தான் சொல்கிறோம். "பையன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறான்" என்று சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அவன் செய்வது வியாபாரம் என்று நமக்கும் தோன்றுவதில்லை, அவனுக்கும் தோன்றுவதில்லை. வரித் துறைக்கு மட்டும் தோன்றிவிடுகிறது!

நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகைக் கடைக்காரர். முப்பது ஆண்டுகளாக ஒரு நாள்கூடத் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்பவர். அவருடைய மகன், குழந்தைகள் தமிழ் எழுத்து எழுதிப் பழகுவதற்கு ஒரு செயலி செய்தான். ஆண்டுச் சந்தா. உள்ளூரில் ஓரளவு போயிற்று. சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று வெளியில் இன்னும் நன்றாகப் போயிற்று. ஓர் ஆண்டில் அவனுடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது 18 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். சேவை செய்வோருக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று எங்கோ கேட்டிருந்தான். "இன்னும் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது மாமா" என்று நம்மிடமே நிம்மதியாகச் சொன்னான்.

அடுத்த ஆண்டு முழுவதும் கடந்து, அதற்கு மேல் இரண்டு மாதமும் போன பிறகு நோட்டீஸ் வந்தது. அவன் விற்றது 22 லட்சம். அதில் செயலிக் கடைக்காரர் 15 சதவீதம் தரகு, அதாவது 3 லட்சத்து 30 ஆயிரம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார். சட்டம் பார்ப்பது விற்ற தொகையை. கைக்கு வந்த தொகையை அல்ல. வரம்பைத் தாண்டிய நாளுக்குப் பின் அவன் நம் நாட்டுக்குள் விற்றது 11 லட்சத்து 80 ஆயிரம். வாங்கிய விலைக்குள்ளேயே வரி அடங்கியது என்று கணக்கிட்டாலும் கட்ட வேண்டிய வரி 1,80,000 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தாமதக் கட்டணம் தனி. துணைக்கு ஓர் ஆளை வேலைக்கு வைக்க அவன் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படியே போயிற்று.

அவன் ஏமாற்ற நினைத்தானா? இல்லை. கணக்குப் படித்தவன்தான், ஆனால் அது வேறு கணக்கு. நம்மில் மண்டி வைத்திருப்பவர் யாரைக் கேட்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் விளக்கியிருப்பார். அவன் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நம் பக்கத்துக் குறை அதுதான்.

கமிஷன் மண்டியில் என்ன நடக்கிறது? விவசாயி சரக்கை இறக்குகிறார். மண்டிக்காரர் விற்றுக் கொடுத்து, தரகு, கூலி கழித்து, பட்டியல் போட்டு மீதியைக் கொடுக்கிறார். அங்கே விற்றவர் விவசாயிதான்; மண்டிக்காரர் தரகர். அதே மண்டிக்காரர் சரக்கைச் சொந்தமாக விலை பேசி வாங்கி விற்றால் கதை வேறு. அப்போது விற்பவர் அவர். விவசாயி அவருக்கு விற்றவர். ஒரே கட்டடம், ஒரே தராசு, ஆனால் இரண்டு கணக்கு.

செயலிக் கடைகளும் அப்படித்தான். சில நாட்டு விற்பனைக்கு அவர்கள் தரகர். சில நாட்டு விற்பனைக்கு அவர்களே விற்பவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி முதல் இத்தகைய விற்பனையில் வரி வாங்குபவரின் நாட்டுக்கு உரியது. பொதுவாகச் செயலிக் கடையே விற்பவராகக் கருதப்பட்டு வரி கட்டுகிறது. அமெரிக்காவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, பல மாநிலங்கள் விற்பனை வரி வசூலிக்கும் பொறுப்பைச் சந்தை நடத்துபவர் தலையில் வைத்தன. ஆகவே "எல்லாம் அவர்களே கட்டிவிடுவார்கள்" என்று பிள்ளைகள் நினைப்பதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் ஆளை விழுங்குகிறது. எந்த நாட்டு விற்பனைக்கு யார் விற்பவர் என்பதை ஒப்பந்தத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் அதைப் படிப்பவர் எத்தனை பேர்?

விற்பனை வரி நமக்குப் புதிதல்ல. 1939-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 1959-இல் புதுச் சட்டம், 2007 ஜனவரியில் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. என ஒவ்வொன்றிலும் நாம் அடிபட்டு, கற்று, நிமிர்ந்தவர்கள். கணினி மென்பொருளும் இந்தப் பாதையில் அலைக்கழிந்தது. தட்டில் பதிந்து விற்கும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008-இல் மென்பொருளுக்குச் சேவை வரியும் வந்தது. சரக்கா, சேவையா என்று இழுபறி நடந்தது. ஜி.எஸ்.டி.யில் செயலியைப் பயன்படுத்தக் கொடுக்கும் உரிமை சேவை என்றாகி, வரி 18 சதவீதம்.

அந்தத் தீர்வில்தான் சின்னவர்களுக்கு ஒரு சங்கடம். நம் மாநிலத்தில் சரக்கு மட்டும் விற்கும் வியாபாரிக்குப் பதிவு வரம்பு 2019 ஏப்ரல் முதல் 40 லட்சம். சேவைக்கு 2017-இல் வைத்த 20 லட்சம்தான். நம் சிறு கடைக்காரர்களுக்கு இணக்க வரி முறை கைகொடுக்கிறது. சேவை செய்வோருக்கும் 50 லட்சம் வரை 6 சதவீதம் என்று ஒரு முறை உண்டு. ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்பவருக்கு அது கிடையாது. செயலி விற்பவர் வாங்குபவரைப் பார்த்து "நீ கொச்சியில் இருக்கிறாய், உனக்கு விற்க மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? ஆகவே அந்தக் கதவு அவருக்கு அடைபட்டதே.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு விற்பனை, சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் ஏற்றுமதி, வரி இல்லை. ஆனால் 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது அந்த ஏற்றுமதியும் சேரும். வரியே கட்ட வேண்டாதவரும் பதிவு செய்ய வேண்டும், ஆண்டுதோறும் எல்.யு.டி. என்னும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும், அந்நியச் செலாவணி வந்ததற்கு வங்கிச் சான்று வைத்திருக்க வேண்டும். மேற்சொன்ன பையன் இடறியதும் இங்கேதான்.

சரி, பதிவு செய்தால் நஷ்டமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 118 ரூபாய். அதில் வரி 18. நூறு ரூபாய்க்குத் தரகு 15 சதவீதம், 15 ரூபாய். தரகின் மேல் வரி 2 ரூபாய் 70 காசு. கைக்கு வருவது 100 ரூபாய் 30 காசு. பதிவு பெற்றவர் 18-இல் 2.70-ஐ வரவு வைத்துக்கொண்டு 15 ரூபாய் 30 காசு கட்டினால் போதும். நிற்பது 85 ரூபாய். வந்த 100 ரூபாய் 30 காசும் தன்னுடையது என்று செலவு செய்பவர்தான் ஆண்டு முடிவில் தவிக்கிறார். வரிப்பணம் நம் கல்லாவில் தங்கிப் போகும் விருந்தாளி. அதற்குத் தனி டப்பா வேண்டும் என்பது நம் பெரியவர்கள் கண்ட பாடம். (தரகு வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால் தரகின் மேலான வரியை நாமே கட்டிவிட்டு வரவு எடுக்கும் ரிவர்ஸ் சார்ஜ் முறை வரும். அதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.)

ஆகவே இந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். வங்கிப் புத்தகத்தைக் கணக்குப் புத்தகம் என்று எண்ணாதீர்கள். மாதம் ஒருமுறை விற்ற தொகை, தரகு, வரி, வந்த தொகை என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். உள்ளூர், வெளி மாநிலம், வெளிநாடு என்று பிரித்து எழுதுங்கள். பதிவு பெற்றவர்கள் வாங்குபவரின் மாநிலப் பெயரைப் பட்டியலில் குறிக்க வேண்டும், தொகை எவ்வளவு சிறிதானாலும் சரி என்று 2024 டிசம்பர் 31-ஆம் தேதிச் சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. பதிவு பெற்றபின் விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் உண்டு. விற்பனை 15 லட்சத்தைத் தொடும்போதே ஆடிட்டரைப் பாருங்கள். நோட்டீஸ் வந்த பிறகு பார்ப்பதைவிடச் செலவு குறைவு.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். சேவைக்கான வரம்பையும் 40 லட்சமாக்க வேண்டும். ஒருவர் ஒரு மூட்டைப் பருப்பு விற்கிறார், இன்னொருவர் ஒரு செயலி விற்கிறார், இருவரும் சிறியவர்களே. ஒருவருக்கு இரண்டு மடங்கு நிழல், மற்றவருக்குப் பாதி என்பது நியாயமாகப் படவில்லை. மேலும், செயலிக் கடை நடத்தும் நிறுவனங்கள் மாநில வாரியாக விற்பனை, தரகு, வரி மூன்றையும் பிரித்து, ஜி.எஸ்.டி. படிவத்தில் அப்படியே ஏற்றக்கூடிய மாதப் பட்டியலைத் தரும்படி விதி செய்ய வேண்டும். நம் மண்டிக்காரர் விவசாயிக்குத் துண்டுச் சீட்டில் தருகிற விவரத்தை, உலகம் முழுதும் கடை விரித்தவர்கள் தர முடியாதா?

நம் சங்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. இவர்களிடம் கடை இல்லை, பலகை இல்லை என்று ஒதுக்காமல் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் ஆடிட்டர்களை இவர்களுடன் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் நமக்குச் செயலி சொல்லித் தரட்டும். நாம் அவர்களுக்குப் பேரேடு சொல்லித் தருவோம்.

பொருள் எதுவானாலும் விற்பவர் வணிகர். வணிகர் எவரானாலும் அவருக்குத் துணை சங்கம். அடுத்த நோட்டீஸ் வருவதற்குள் அந்தப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்று உறுப்பினர் அனைவரையும் அன்புடன் வேண்டுகிறோம்.