ஈர் பேனாகும் முன்

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்பார்கள். பெருமாள் கதை எப்படியோ, ஈர் பேனாக 7 முதல் 10 நாட்கள் போதும். 1 சதவீத பெர்மெத்ரின் மருந்து பேனைக் கொல்லும். எல்லா ஈரையும் கொல்லாது. அதனால்தான் 9ஆம் நாள் மறுபடி போட வேண்டும். ஒரே தடவையோடு விட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஈர் அல்ல. தட்டினால் உதிர்வது பொடுகு. முடியோடு ஒட்டிக்கொண்டு நகத்தால் உருவினால் வருவது ஈர். ஈரத் தலையைப் பேன்சீப்பால் வாரிப் பாருங்கள். உயிருள்ள பேன் இருந்தால் மட்டும் மருந்து. வீட்டில் மற்றவர் தலையையும் பார்த்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இரண்டும் கூடவே கூடாது. பேன் அரிப்போடு போகும். இவை உயிருக்கே உலை வைக்கும்.

சுத்தமான தலையிலும் பேன் ஏறும். குழந்தையைத் திட்டாதீர்கள்.